தகப்பன் பெயர் நீக்கம்

கயலுக்குப் பாஸ்போர்ட் வந்த அன்று, சீனிச்சாமி அனுமந்தன்பட்டி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். நீல அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் கயலின் படம். கடைசிப் பக்கத்தில், தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்.

"எம்மக ஜெர்மனிக்குப் போறா. நர்ஸ் வேலைக்கு. அந்த ஊரு பாசையவே படிச்சுப் பரீட்சை எழுதிப் பாஸாயிட்டா. கொச்சியில ஒரு ஏஜென்சி, அவுக எல்லாம் பேசி முடிச்சுட்டாக" என்றார்.

கயல் அவர் பெற்ற பிள்ளை இல்லை என்பது அந்தக் கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் நினைத்துப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுடைய அம்மா தவமலர் ஆறு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு அந்தக் குடும்பத்தை உத்தமபாளையம் பக்கத்து அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். தவமலர் அங்கேயே வளர்ந்து, அங்கேயே இருந்த சிவராசாவைக் கட்டிக்கொண்டாள். சிவராசா பெயிண்டர். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்து செத்துப்போனான். கயல் அப்போது நாலாம் வகுப்பு. மகிழன் இடுப்பில் இருந்தான்.

அதன் பிறகு தவமலர் திராட்சை வெட்டும் வேலைக்கு வர ஆரம்பித்தாள். சீனிச்சாமியின் தோட்டத்துக்கும் வந்தாள். அவருக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. சின்ன வயதில் டிராக்டரிலிருந்து விழுந்ததில் ஒரு கால் கொஞ்சம் இழுத்தபடி இருக்கும். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தவமலர் அந்தக் காலைப் பார்த்தாளா என்பதே அவருக்குத் தெரியவில்லை. பந்தலுக்கு அடியில் அவள் வெட்டிய குலைகளைக் கூடையில் அடுக்கும்போது ஒரு பழம்கூட நசுங்காது. அதைத்தான் அவர் முதலில் கவனித்தார். பிறகு, மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் பாதி வைத்து, சாயந்தரம் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போவதையும் கவனித்தார்.

கல்யாணம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் நடந்தது. அண்ணன் கர்ணன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமலே பேசினார்.

"கட்டிக்கிட்டது கட்டிக்கிட்ட. சரி. ஆனா அதுக ரெண்டும் உம்புள்ளைக இல்ல. அத மறந்துறாத. நம்ம அப்பன் சம்பாரிச்ச நெலம் இது."

சீனிச்சாமி மறுவாரமே உத்தமபாளையத்தில் வக்கீல் வைகுண்டராஜைப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் தத்தெடுத்துப் பத்திரம் பதிவு செய்தார். தவமலர் தாயாகக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பத்திரத்தைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழிலும் தகப்பன் பெயரை மாற்றி வாங்கினார். முகாமுக்கும் போய், அங்கிருந்த அதிகாரியிடம், "இந்த ரெண்டு பேரையும் உங்க பதிவுல இருந்து எடுத்துருங்க சார். இனிமே எம்புள்ளைக. அகதியின்னு எங்கனயும் இருக்கக்கூடாது" என்றார். அந்த அதிகாரி எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்.

தவமலர் பெயர் மட்டும் முகாம் பதிவில் நின்றது. அவள் அவ்வப்போது அங்கே போய்க் கையெழுத்துப் போட்டு வருவாள். அதை அவர்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கயல் கெட்டிக்காரி. தேனியில் நர்சிங் படித்தாள். மதுரையில் தங்கி ஜெர்மன் கற்றாள். வீட்டுக்கு வரும்போது ஆடு, மாடு, பந்தல் கம்பி எல்லாவற்றுக்கும் ஜெர்மன் பெயர் சொல்லித் தம்பியைச் சிரிக்க வைப்பாள். பாஸ்போர்ட்டுக்கு உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் மனுப் போட்டார்கள். அங்கே தட்டச்சு செய்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க பொறந்தது?" என்று கேட்டாள். உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரி என்றாள் கயல். "அப்ப பிறப்பால இந்தியர்" என்று அந்தப் பெண் ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டாள். கயலுக்கும் சீனிச்சாமிக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. இங்கே பிறந்தவள், இங்கே வளர்ந்தவள், அப்பன் இந்த ஊர்க்காரன். ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த ஏட்டு அக்கம்பக்கத்தில் கேட்டபோது எல்லாரும், "சீனிச்சாமி மகதானே, தங்கமான புள்ள" என்றார்கள். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

மகிழனுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுக்கலாம் என்ற யோசனை சீனிச்சாமிக்கு வந்தது அந்தச் சந்தோஷத்தில்தான். அவன் பதினொன்றாம் வகுப்பு. சின்னமனூரில் ஒரு சிலம்பப் பள்ளியில் பயிற்சி. அந்த மாஸ்டர், டிசம்பரில் மலேசியாவில் ஒரு போட்டி இருக்கிறது, நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மைனர் பிள்ளை என்பதால் தாய் தகப்பன் இரண்டு பேரும் வர வேண்டும் என்றார்கள். மூன்று பேரும் தேனி பாஸ்போர்ட் மையத்துக்குப் போனார்கள். தவமலர் நல்ல சேலை கட்டியிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஐம்பது வயதுக்காரர், சாந்தமாகப் பேசுகிறவர். மகிழனின் காகிதங்களைப் பார்த்துவிட்டு, தவமலரிடம் அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார். தவமலர் முகாம் அட்டையை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க ஸ்ரீலங்காவா?"

"ஓம். சின்னனில வந்தனான்" என்றாள் தவமலர்.

"பையனோட அப்பா?"

"நான்தாங்க" என்றார் சீனிச்சாமி. பிறகு, உண்மையை மறைப்பது போல ஆகிவிடக் கூடாது என்று, "பெத்தவரு தவறிட்டாரு. அவரும் முகாம்காரருதான். நான் முறைப்படி தத்து எடுத்திருக்கேன். பத்திரம் இருக்கு" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி இங்க பிறந்தவன்தான். ஆனா பெத்தவங்க ரெண்டு பேருமே இந்தியர் இல்லியே" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "இதுக்கு நான் மேல எழுதிக் கேக்கணுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனையில்லம்மா. இவனுக்கு மூத்தவ இருக்கா. அவளுக்கு ஏப்ரல்லயே பாஸ்போர்ட் வந்திருச்சு. ஜெர்மனிக்குப் போகப்போறா" என்றார் சீனிச்சாமி. சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இந்த மனிதன் ஏன் இதைச் சொன்னான் என்ற வருத்தம்தான் இருந்தது. "மூத்த பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார். கேட்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. சீனிச்சாமி சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கயலுக்கு நோட்டீஸ் வந்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், தவறான தகவல் கொடுத்துப் பெற்றதற்கு விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. ஏஜென்சியில் விமான டிக்கெட் போட்டிருந்தார்கள். கயல் கொச்சிக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் இருந்த மலையாளி அண்ணன் முதலில், "பேடிக்கண்டா மோளே, சரியாவும்" என்று தைரியம் சொன்னார். பத்து நாளில் அவரே கூப்பிட்டு, அந்த இடத்துக்குக் கேரளத்தில் பாலா என்ற ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்.

மதுரையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த மாதம் ஸ்டேஷனில் அவள் பெயரில் வழக்குப் பதிவானது. முன்பு விசாரிக்க வந்த அதே ஏட்டுதான் வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்கும் மேலிடத்தில் திட்டு விழுந்திருந்தது. "தப்பா நெனக்காதீக. ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டு ஜாமீன்ல போயிரலாம். வக்கீலக் கூட்டிட்டு வாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கயல் சாப்பிடவில்லை. சீனிச்சாமி தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார்.

"ரெண்டு வாய் சாப்பிடு ஆத்தா. வக்கீல் பாத்துக்கிடுவாரு."

அவள் தலையைத் தூக்கினாள். அழுது ஓய்ந்த முகம். "ஏம்ப்பா எங்களத் தத்தெடுத்தீக?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"சும்மா வளத்திருக்கலாம்ல? நான் அப்பான்னுதான கூப்புட்டிருப்பேன்? முகாம்ல எம்பேரு இருந்திருந்தா, அகதின்னாவது ஒரு கார்டு இருந்திருக்கும். பெரிய மனசு பண்ணி அதையும் எடுக்கச் சொல்லிட்டீக. இப்ப நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?"

"எம்மக" என்றார்.

"அத வச்சு என்னத்தப்பா பண்றது?"

தவமலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "வாயை மூடு. ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுதோ?" என்று மகளை அறைய ஓங்கினாள். சீனிச்சாமி குறுக்கே நின்று தடுத்தார். ஓங்கிய கை அவர் தோளில் பட்டது. கயல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று அவர் நின்றுவிடுவார். பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டால்தான் திரும்புவார்.

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசினார். "அண்ணே, தத்து செல்லும். அதுல ஒரு குறையும் இல்ல. சட்டப்படி நீங்கதான் அப்பா. ஆனா அப்பா வேற, நாடு வேற. தத்தெடுத்தா உங்க பேரு வரும், உங்க நெலம் வரும். குடியுரிமை தன்னால வராது. அதுக்குத் தனியா மனுப் போடணும். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி பத்திரம் எழுதுறப்ப எனக்கே இது தோணல. அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கும், ஜெர்மனி போகும்னு யாரு கண்டா?"

"மனுப் போடுங்க. எங்க வரணும்னாலும் வாறேன்."

கலெக்டர் அலுவலகம் வழியாக மனுப் போட்டார்கள். பதில் வருவதற்குள் திராட்சையில் ஒரு வெட்டு முடிந்து, கொடிகளை நறுக்கிவிடும் அடுத்த கவாத்தும் வந்துவிட்டது. மலேசியப் போட்டிக்கு மற்ற மூன்று பையன்கள் போய்விட்டு வந்தார்கள். வந்த பதிலில், விண்ணப்பதாரர்கள் தற்போது எந்த நாட்டின் குடிமக்களோ அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் இணைக்க வேண்டும் என்று இருந்தது.

"இந்த நாட்டுக் குடியுரிமை கேக்க வேற நாட்டுப் பாஸ்போர்ட் வேணுமா?" என்று கேட்டார் சீனிச்சாமி.

"ஆமாண்ணே. நான் வேற நாட்டு ஆளுன்னு காட்டுனாத்தான், என்னை உங்க நாட்டு ஆளா ஆக்கிக்கங்கன்னு கேக்க முடியும். எந்த நாட்டு ஆளும் இல்லேன்னா கேக்குறதுக்கே வழியில்ல."

அதனால் சென்னைக்குப் போனார்கள். தவமலர் மாவட்டம் விட்டுப் போக முகாமில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. போடியிலிருந்து வரும் ரயிலில் தேனியில் ஏறி, காலையில் இறங்கி, இலங்கைத் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்த அதிகாரி தவமலர் பேச்சைக் கேட்டதும் முகம் மாறி, "எந்த இடம், அக்கா?" என்றார். மன்னார்ப் பக்கத்தில் அவருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தேநீர்கூட வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் காகிதங்களைப் பார்க்கப் பார்க்க அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"உங்கட பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கே?"

"இல்லை, ஐயா. பதிவுகள் வச்சிருந்த கச்சேரிக் கட்டடத்தோட எரிஞ்சு போச்சு எண்டு சொல்லுகினம். எழுதிக் கேட்டும் பதிவு இல்லை எண்டுதான் வந்தது."

"இறந்துபோனவரின்ர?"

"அது இருக்கு. அவற்ற தமையன் வவுனியாவில இருக்கிறார். எடுத்து அனுப்பினவர்."

"சரி. அப்ப பிள்ளையளைத் தகப்பன் வழியாத்தான் பதியலாம். ஆனா..." அவர் கயலின் பிறப்புச் சான்றிதழைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார். "இதில தகப்பன் சீனிச்சாமி, இந்தியர் எண்டு கிடக்கு. நான் இதை வச்சுக்கொண்டு எப்பிடி இவவை சிவராசாவின்ர மகள் எண்டு எழுதுறது? தகப்பன் இந்தியர் எண்டால் நீங்கள் எங்களிட்ட ஏன் வாறியள் எண்டு கொழும்பில கேப்பினம்."

"வேற என்ன வழிங்கய்யா?" என்றார் சீனிச்சாமி.

"பழைய பதிவு திரும்ப வரவேணும். உங்கட பேரை எடுக்கவேணும். கோர்ட் உத்தரவோட வந்தால் நான் செய்து தாறன்." அந்த அதிகாரி அவரைப் பார்க்காமல் சான்றிதழையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் தவமலர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கயல் எதிரே இருந்தாள். திண்டுக்கல் தாண்டிய பிறகு அவள்தான் பேசினாள்.

"எடுத்துருவோம்ப்பா."

சீனிச்சாமி தலையாட்டினார்.

"பேருதான். பேர எடுத்தா நீங்க அப்பா இல்லேன்னு ஆயிருமா? பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா, பெறகு நான் எந்த ஊருக்குன்னாலும் போய்க்கிருவேன். இங்கனயே கெடந்தா கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லாமக் கெடக்கணும்."

"சரி ஆத்தா. நீ சொல்றபடியே செய்வோம்" என்றார். அவளை ஜெர்மனிக்கு அனுப்பச் சம்மதித்தபோதும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். அப்போது சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

மகிழன் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுந்துவிட்டான். "அக்கா என்னமும் பண்ணட்டும். எம்பேருக்குப் பின்னாடி இருக்கிறத யாரும் தொடக்கூடாது. அந்தாளு மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்ல. அவரு மகன்னு நான் எதுக்கு எழுதணும்?"

"ஏலே, உன் நல்லதுக்குத்தான்டா" என்றார் சீனிச்சாமி.

"எனக்கு எந்த ஊருக்கும் போகவேணாம். தோட்டத்துல வேலை பாத்துக்கிட்டு இங்கனயே இருக்கேன்."

இருக்கவும் விடமாட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று சீனிச்சாமிக்குத் தெரியவில்லை. பதினெட்டு ஆனால் அவன் தனியாகக் கணக்கில் வருவான், வெளிநாட்டுக்காரன் என்று பதியச் சொல்வார்கள் என்று வக்கீல் முன்னமே எச்சரித்திருந்தார். எந்த நாட்டுக்காரன் என்று பதிவது? தவமலர் மகன் பக்கம் நின்றாள். "அவனை விடுங்கோ. ஒருத்தனாவது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். ஆகவே மனு கயல் பெயரில் மட்டும் போடப்பட்டது.

பெயரை நீக்கும் அந்த மனுவுக்குச் சாட்சியாகச் சீனிச்சாமியின் ரத்த உறவில் ஒருவர் வந்து, கயல் அவருக்குப் பிறந்தவள் இல்லை, முதல் புருஷனுக்குப் பிறந்தவள் என்று சொன்னால் நல்லது என்றார் வைகுண்டராஜ். சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனார். கர்ணன் வாழைக்குலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரமாட்டேன்டா."

"அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னீகள்ல. அதையேதான கேக்குறாக. அங்கன வந்து ஒருதரம் சொல்லீருங்க."

"அன்னைக்குச் சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். போன பங்குனியில நான் நெஞ்சுவலின்னு தேனி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, எம்மவன் ஒருநா வந்து எட்டிப்பாத்துட்டுப் போனான். இந்தப் புள்ளதான் ராவும் பகலும் என்கூடவே கெடந்துச்சு. மூத்திரப்பையக்கூட அதுதான் மாத்துச்சு. பெரியப்பா பெரியப்பான்னு... நான் கூண்டுல ஏறி, இது எங்க வீட்டுப் புள்ள இல்லேன்னு சொல்லவா? வேற ஆளப் பாருடா."

வேறு ஆள் இல்லை. முகாமிலிருந்து சிவராசாவைத் தெரிந்த ஒரு கிழவர் வந்து சாட்சி சொன்னார்.

உத்தமபாளையம் கோர்ட்டில் சீனிச்சாமியைக் கூப்பிட்டபோது, அவர் நிறையச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். கயலுக்கு முதன்முதல் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, அவளுக்கு டெங்கு வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது, சடங்குக்குப் பந்தல் போட்டது, இவ்வளவையும் சொல்லிவிட்டு, இருந்தாலும் பிள்ளையின் எதிர்காலத்துக்காகச் சம்மதிக்கிறேன் என்று முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்.

நீதிபதி இளம் வயதுக்காரர். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார். "மனுதாரர் கயல் உங்களுக்குப் பிறந்தவரா?"

"இல்லீங்கய்யா. ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரை நீக்கி, இறந்துபோன சிவராசா பெயரைச் சேர்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?"

சீனிச்சாமி கயலைத் தேடினார். அவள் வக்கீலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்தியிருந்தாள்.

"இல்லீங்கய்யா" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். படியிறங்கும்போது இழுத்து நடக்கும் கால் மடங்கி, அவர் ஒருபக்கமாகச் சரிந்தார். கயல் ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்தாள். "அப்பா, அப்பா" என்று அவள் கூப்பிட்டதைக் கேட்டு, கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஸ்போர்ட் வழக்கை நடத்தினால் வருஷக்கணக்கில் இழுக்கும், அது முடியாமல் நாட்டைவிட்டு வெளியே போக விடமாட்டார்கள் என்றார் வைகுண்டராஜ். கயல் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தெரிந்தே பொய் சொல்லி வாங்கினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். அபராதம் கட்டினார்கள். சென்னை அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இலங்கைப் பாஸ்போர்ட் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிருந்தே ஜெர்மனிக்கு மனுப் போடலாம் என்றுதான் கயல் நினைத்திருந்தாள். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்கான விசா இல்லை. பிறந்த நாளிலிருந்து அவள் விசா இல்லாமல் இங்கே தங்கியிருக்கிறாள் என்று கணக்காயிற்று. வெளியேறும் அனுமதி மட்டும் தருகிறோம், இலங்கைக்குப் போய் அங்கிருந்து முறைப்படி விசா கேட்டு வரலாம் என்றார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு வழக்கில் தண்டனை பெற்றவள் என்பதும் அதில் சேர்ந்திருந்தது.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர், டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் என்று தடுத்தார். கயல் மகிழனைக் கட்டிப் பிடித்தாள். கர்ணன் ஒரு பையில் பன்னீர்த் திராட்சையும் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். திராட்சையை உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தவமலர் மகளைத் தொடவே இல்லை. இரண்டு கையாலும் தன் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய் மறையும்வரை பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா என்னை மடியில வச்சு வாயைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் படகில கொண்டுவந்தவா. நான் அழுதால் நேவிக்குக் கேட்டிடும் எண்டு" என்று சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அவ்வளவு பாடுபட்டு என்னைக் கொண்டுவந்து விட்டவா. நான் என்ட பிள்ளையைத் திரும்பவும் அங்கேயே அனுப்பிப் போட்டன்."

சீனிச்சாமி அவளைத் தூக்கி நிறுத்தி, ஆட்டோவரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

கயல் வவுனியாவில் சிவராசாவின் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களே நெருக்கிக்கொண்டு இருக்கிற வீடு. அவள் படித்த நர்சிங் படிப்பு அங்கே உடனே செல்லாது, ஒரு பரீட்சை எழுத வேண்டும், அதற்கு முன்னால் தேனியில் படித்த காகிதங்களைப் பழைய தகப்பன் பெயரிலிருந்து புதுப் பெயருக்கு மாற்றி வாங்க வேண்டும். அதற்குக் கல்லூரியில் சீனிச்சாமி அலைந்துகொண்டிருக்கிறார். அது முடிந்தால்தான் ஜெர்மனி. இப்போதைக்கு ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். மகிழன் பள்ளி முடித்துவிட்டான். சிலம்பத்தை விட்டுவிட்டான். மேலே படிக்கச் சேரும் இடத்தில் நாடு எது என்று கேட்பார்கள் என்பதால் எங்கும் சேரவில்லை. தகப்பனோடு தோட்டத்துக்கு வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கயல் கூப்பிடுவாள். சென்ற வாரம் அவள் கூப்பிட்டபோது சீனிச்சாமி பந்தலுக்குள் இருந்தார். கவாத்து முடிந்து கொடிகள் எல்லாம் மொட்டையாக நின்றன. தவமலர் வெட்டிப்போட்ட குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு பத்தடி தள்ளி இருந்தாள்.

"சாப்டீகளாப்பா?" என்றாள் கயல்.

"சாப்புட்டேன் ஆத்தா. நீயி?"

"ம். மழை இங்கன. தம்பி எங்க?"

"மோட்டாரு போடப் போயிருக்கான்."

"அம்மாகிட்டக் குடுங்க."

அவர் போனைத் தவமலரிடம் நீட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மறுபடியும் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். மகள் போன நாளிலிருந்து அவள் ஒருதரம்கூட அந்தப் போனை வாங்கவில்லை.

"அம்மா குளிக்கிறா ஆத்தா" என்றார் சீனிச்சாமி.

போனில் மழைச் சத்தம் கேட்டது.

"போன வாரமும் குளிச்சாக" என்றாள் கயல்.

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவளும் வைக்கவில்லை.